பாஸ்டரம்மாவும் நானும் தீவுக்குப் போன நாள்

நான் காட்டூர்ப் பக்கத்தில் நெல் வயல்களுக்கு நடுவே பிறந்தவள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் இன்றைக்கும் எனக்குப் பயம். கல்யாணமாகிப் பழவேற்காட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகியும் அந்தப் பயம் போகவில்லை. அப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் சபை, ஏரிக்கு நடுவில் இருக்கும் ஒரு தீவுக்கு ஊழியத்துக்குப் போகச் சொன்னது. அதுவும் இன்னொரு சபைப் பாஸ்டரின் மனைவியான பாஸ்டரம்மாவோடு.

எங்களுடையது மணிக்கூண்டு வைத்த பழைய கோயில். புத்தகத்தைப் பார்த்து ஜெபம் வாசிப்போம். சரியான நேரத்துக்குத் தொடங்கி, சரியான நேரத்துக்கு முடிப்போம். ஊரில் எல்லோரும் ஐயர் என்று கூப்பிடும் எங்கள் ஆயருக்கு ஊழியம் என்றால் மருத்துவ முகாம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், புயல் வந்தால் அரிசி. பாஸ்டருடைய சபை சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நடந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எப்போது முடியும் என்று பாஸ்டருக்கே தெரியாது. பெண்கள் பொட்டுத் தங்கம் போடமாட்டார்கள். வெள்ளைச் சேலைதான். எங்களை அவர்கள் பேருக்குக் கிறிஸ்தவர்கள் என்பார்கள். நாங்கள் அவர்களைக் கூச்சல் கோஷ்டி என்போம். இரண்டு பக்கமும் இதை முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொண்டதில்லை.

எங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தது அந்தத் தீவின் ஊர்ப் பஞ்சாயத்து. அந்த ஊரில் கிறிஸ்தவர் ஒருவர்கூடக் கிடையாது. மாதம் ஒரு சபையாகப் போய் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். பொறுத்துப் பார்த்த ஊர்த் தலைவர், அனுமதி கேட்டுப் போன எங்கள் ஆயரிடம் சொல்லிவிட்டார். “யேசு கோயில்காரங்க வரணும்னா எல்லாரும் ஒண்ணா சேந்து வருசத்துக்கு ஒரு தடவ வாங்க ஐயரே. நேத்து ஒருத்தர், இன்னிக்கி நீங்கன்னு வந்துக்கினே இருந்தா நாங்க எப்போ தூங்கறது?”

அவர் போட்ட நிபந்தனைகள் மூன்று. சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு மேல் மைக் கூடாது. அவர்கள் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை குறை பேசக்கூடாது. யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்தவில்லை என்று ஆயர் எங்களிடம் சொன்னார். அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

கூட்டுக் கமிட்டி எங்கள் கோயில் ஹாலில் நான்கு முறை கூடியது. துண்டுப் பிரசுரத்தில் என்ன எழுதுவது என்பதற்கே இரண்டு கூட்டம் போயிற்று. ‘தேவன் உங்களை நேசிக்கிறார்’ என்று போட்டால் போதும் என்றார் ஆயர். ‘மனந்திரும்புங்கள்’ இல்லாமல் அச்சடித்தால் அது பிரசுரமே இல்லை என்றார் பாஸ்டர்.

“நாம யாரையும் மாத்தறதுக்குப் போகல, பாஸ்டர். அவங்க கூட இருக்கறதுக்குப் போறோம்” என்றார் ஆயர்.

“கூட இருக்கறதுக்கு அவங்களுக்கு ஆளா இல்ல, ஐயரே? அவங்க கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னா நாம இன்னாத்துக்குப் போவணும்?”

 எனக்கு இருவர் சொன்னதும் சரி என்றே பட்டது. அப்படிப் பட்டது யாருக்கும் தெரிந்துவிடக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் எழுதினேன். கடைசியில் ஒரு பக்கம் ஆயர் வாசகம், மறுபக்கம் பாஸ்டர் வாசகம் என்று அச்சாயிற்று.

முதல் நாள் மருத்துவ முகாம். டாக்டர் அன்றைக்கு மட்டும் வந்தார். சிறு பிள்ளைகளும் வயசாளிகளும் வந்தார்கள். கர்ப்பிணிகள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் காலை வீடு சந்திப்பு. இரண்டு சபையிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து ஜோடியாகப் போக வேண்டும் என்று கமிட்டி முடிவு. எனக்குப் பாஸ்டரம்மா வாய்த்தார். கல்யாணத்துக்கு முன் நான் பத்து வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸாக இருந்தவள். அதனால் இரத்த அழுத்தக் கருவியை என் பையில் போட்டு அனுப்பினார் ஆயர்.

போகும்போது படகில் நான் நடுப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தை மாதம். வாடைக்காற்று தண்ணீரைக் குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. பாஸ்டரம்மா ஏரிக்கரையிலுள்ள தோணிரேவு ஊரில் பிறந்தவர். என்னைவிட எட்டு வயது இளையவர். படகு விளிம்பில், வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார். திடீரென்று கேட்டார்.

“அக்கா, தப்பா நெனக்காதீங்க. நீங்க ரட்சிக்கப்பட்டுட்டீங்களா?”

தண்ணீரைவிட நான் அதிகம் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். அவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் உண்டு, ஒரு நேரம் உண்டு. அந்த நாளில் அழுதேன், அந்த நேரத்தில் பாவத்தை விட்டுவிட்டேன் என்று சாட்சி சொல்வார்கள். எனக்கு அப்படி ஒரு நாளும் கிடையாது. குழந்தையில் ஞானஸ்நானம், பதினைந்தில் கோயிலில் திடப்படுத்தல் சடங்கு, பிறகு ஞாயிற்றுக்கிழமைகள்.

“நான் விசுவாசிக்கிறேன்” என்றேன். என் காதுக்கே அது பொய்க்குரல் மாதிரி கேட்டது. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

ஊருக்குள் நான்கைந்து வீடுகளில் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வீட்டில் பிரசுரத்தை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல எந்தப் பக்கம் நெசம்?” என்று ஒருவர் கேட்டார். பாஸ்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை. தெருமுனையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் நாங்கள் ஒவ்வொரு வீட்டுக்குள் நுழைவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரின் கடைசியில் ஒரு வீட்டிலிருந்து ஓர் அம்மாள் ஓடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலையைப் பார்த்துப் பாஸ்டரம்மாவின் கையைத்தான் பிடித்தார்.

“நீங்க பேய் ஓட்டுவீங்கன்னு சொல்றாங்களே. என் மருமவ மேல காத்து அடிச்சிருச்சி. ரெண்டு நாளா கண்ணு தெரியலன்னு சொல்லிக்கினு கெடக்கறா. வாங்க.”

உள்ளே இருட்டு. பாயில் ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எட்டு மாத வயிறு. இருபது, இருபத்தொரு வயதுதான் இருக்கும். முகம் ஊதியிருந்தது. விரல்கள் வீங்கி, வளையல் மணிக்கட்டில் பதிந்திருந்தது.

“நேத்து முகாமுக்கு ஏம்மா வரல?” என்று கேட்டேன்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார்தான் சொன்னார். “யேசு கோயில் டாக்டரு ஊசி போட்டா சாமி மாறிடும்னு ஊருல பேசிக்கினாங்க. எம் புள்ள கடலுக்குப் போயிருக்கான். அவன் இல்லாதப்போ எப்பிடி அனுப்பறது?”

ஊருக்கு நன்மை செய்வதாக நினைத்துக்கொண்டு வந்த எங்கள் வருகைதான் இந்தப் பெண்ணை டாக்டரிடம் வரவிடாமல் தடுத்திருக்கிறது.  பாஸ்டரம்மா தலையில் முக்காட்டை இழுத்து, அந்தப் பெண்ணின் அருகே முழங்காலிட்டுக் கண்ணை மூடினார். நான் பையிலிருந்து கருவியை எடுத்து அவள் கையில் சுற்றி அழுத்தினேன். நூற்று எழுபதுக்கு மேல் காட்டியது. தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று மறுபடி அழுத்தினேன். அதேதான்.

“இது காத்து இல்ல, பிரஷர்” என்றேன். “இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். விட்டா வலிப்பு வரும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.”

சொல்லிவிட்டுப் பாஸ்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஜெபம் பண்ணினால் போதும் என்று சொல்வார், இந்த அம்மாளும் என்னைவிட அவரைத்தான் நம்புவார், நான் இரண்டு பேரோடும் போராட வேண்டியிருக்கும் என்று எண்ணினேன். அவர் கண்ணைத் திறந்தார்.

“அப்போ இன்னாத்துக்குக்கா உக்காந்துக்கினு இருக்கீங்க? எழுந்திருங்க. நான் போய் துறையில நிக்கற எங்க வீட்டுக்காரர் கிட்டச் சொல்லிப் படகு எடுக்கச் சொல்றேன்.”

அவர் ஓடினார். அவர் போன பிறகு தெருவில் இருந்த ஆண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஊர்த் தலைவரும் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் மெதுவாகப் பேசினார்.

“அவ புருசன் இங்க இல்ல. நீங்க கூட்டிக்கினு போற வழியில அவளுக்கு ஒண்ணு ஆச்சின்னா, பதில் நீங்கதான் சொல்லணும். நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அப்புறம் எங்காளுங்கள நிறுத்தறதுக்கும் என்னால ஆவாது.”

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. கையொப்பம் போட டாக்டர் இல்லை, பேச ஆயர் இல்லை. ஒரு கருவியும் அதில் பார்த்த ஓர் எண்ணும்தான் என்னிடம் இருந்தன. “நான் பொறுப்பு” என்று சொன்னேன். சொன்னது நான்தானா என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன்.

பாயோடு தூக்கிப் படகில் கிடத்தினோம். மாமியார் மடியில் தலை. படகுக்காரர், பாஸ்டர், பாஸ்டரம்மா, நான். ஆயருக்குப் போன் போட்டோம். அக்கரையில் ஆம்புலன்ஸோடு நிற்பதாகச் சொன்னார்.

பாதி ஏரிகூடக் கடக்கவில்லை. ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனதிலிருந்து அந்த இடத்தில் தண்ணீர் வற்றிச் சேறு மேடிட்டிருக்கும். அதில் படகு ஏறி நின்றுவிட்டது. இன்ஜினைத் தூக்கிவிட்டுப் படகுக்காரர் கழியை ஊன்றித் தள்ளினார். அசையவில்லை. அந்த நேரத்தில்தான் அவளுக்கு வலிப்பு வந்தது. கண் மேலே போய், பல் கடித்து, உடம்பு முழுவதும் வில்லாக விறைத்தது.

இடது பக்கமாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பிடித்தேன். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்பது மூளையிலிருந்து துடைத்துவிட்டது மாதிரி போய்விட்டது. வாயில் நுரை வந்தது. கையை ஏரியில் விட்டுத் தண்ணீரை அள்ளி அவள் முகத்தில் தெளித்தேன். நர்ஸாக இருந்தவள் செய்யக்கூடாத காரியம். பயத்தில் கை தானாகப் போயிற்று. ஒரு முறை இல்லை, மூன்று நான்கு முறை.

பாஸ்டர் செருப்பை உதறிவிட்டு, வெள்ளைச் சட்டையும் பேண்ட்டுமாக ஏரியில் குதித்தார். தொடையளவு சேற்றில் நின்று முதுகைக் கொடுத்துத் தள்ளினார். இப்போதாவது இவர் உரத்த குரலில் ஜெபிப்பார் என்று எதிர்பார்த்தேன். “இடது பக்கம் கழிய போடு, இடது பக்கம்” என்று படகுக்காரரிடம் கத்தினாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. பாஸ்டரம்மா அந்தப் பெண்ணின் கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார். சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். புத்தகத்து ஜெபம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. “யேசப்பா, கூட இரு, கூட இரு” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

படகு சேற்றிலிருந்து விடுபட்டபோது வலிப்பு நின்றிருந்தது. அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாமியார்தான் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்து, “இருக்குது” என்றார்.

அக்கரையில் ஆயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்றிருந்தார். அவரும் பாஸ்டரும் சேர்ந்துதான் பாயைத் தூக்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆபரேஷன். பெண் குழந்தை. கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தாய்க்கு நினைவு திரும்பவில்லை.

வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது பாஸ்டரம்மா சொன்னார். “என் மூத்த புள்ளைக்கு மூணு நாள் காய்ச்சல். ஜெபத்துல வெச்சிருக்கோம், மருந்து வேணான்னு சொன்னது எங்க வீட்டுக்காரர் இல்ல, நான்தான். நாலாம் நாளு போயிட்டான். கர்த்தர் எங்கிட்ட அது பத்தி இன்னும் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.”

 அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தப் பெண் கண் விழித்தாள். பயம் தீர்ந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை நாங்கள் இருவரும் பால் வாங்கிக்கொண்டு வார்டுக்குத் திரும்பும்போது, படிக்கட்டில் ஐந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். நடுவில் நின்றவன் கடலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். உப்புக் காய்ந்த கை. அவன்தான் புருஷன் என்று சொல்லாமலே தெரிந்தது.

“படகுல என் பொண்டாட்டிக்கு நீங்க இன்னா பண்ணீங்க?” என்றான். சத்தம் போடவில்லை. “அவளுக்கு நெனவு இல்லாதப்போ ஏரித் தண்ணிய எடுத்து மூணு வாட்டி மூஞ்சில ஊத்தி, யேசு பேரச் சொன்னீங்களாமே. படகுக்காரன் பாத்திருக்கான். ஊரே சொல்லுது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தண்ணீர், மூன்று தடவை, யேசுவின் பெயர். ஞானஸ்நானம் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் நான் தெளித்தது உண்மை. பெயரைச் சொன்னதும் உண்மை. அது ஞானஸ்நானம் இல்லை என்று இவனுக்கு எப்படிப் புரியவைப்பது? பாஸ்டரம்மா என் முன்னால் வந்து நின்றார்.  பக்கத்தில் நின்ற ஒருவன் ஒரு படி கீழே இறங்கினான். என் கையிலிருந்த பாத்திரம் ஆடிப் பால் தரையில் சிந்தியது.

“டேய்.” வார்டு வாசலிலிருந்து மாமியார் வந்தார். “இன்னாடா அங்க?”

மகன் கேட்டதையே திரும்பக் கேட்டான். அவர் எங்களை ஒரு தடவை பார்த்தார்.

“தண்ணி தெளிச்சது நான்டா” என்றார். “இழுத்துக்கினு கெடந்தா. நான்தான் அள்ளித் தெளிச்சேன். நம்ம அம்மன் பேரத்தான் சொன்னேன். இவங்க காலப் பிடிச்சிக்கினு இருந்தாங்க. படகுக்காரன் கழிய பாத்தானா, எங்க கையப் பாத்தானா? போ, உள்ள போய் உன் பொண்ணப் பாரு. உன் நைனா மூக்கு அப்பிடியே இருக்குது.”

அவன் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு படியேறி உள்ளே போனான். மற்றவர்கள் பின்னால் போனார்கள். கூடப் போகும் முன் மாமியார் என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, “பாதி சிந்திட்டியேம்மா” என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பாஸ்டரம்மா என் பக்கம் திரும்பினார். “அவங்க சொன்னது பொய்யி” என்றார். “நாம அதத் தடுக்கல.”

“தடுத்திருக்கணுமா?”

“தெரியலக்கா. எனக்கு எல்லாம் தெரியும்னு இருந்தேன்.”

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. மருத்துவப் பணியின் பலன் என்று ஆயர் எழுதச் சொன்னார். கர்த்தருடைய அற்புதம் என்று பாஸ்டர் எழுதச் சொன்னார். ‘ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாயும் பிள்ளையும் நலம்’ என்று நான் எழுதினேன். பாஸ்டரம்மா அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். தண்ணீர் தெளித்ததை நாங்கள் அங்கே சொல்லவில்லை. அன்றைய கூட்டத்தோடு கமிட்டியும் கலைந்தது. தீவில் நரகத்தைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்பதில் ஆயருக்கும் பாஸ்டருக்கும் ஒத்துப்போகவில்லை. அடுத்த வருடம் தீவுக்கு இரண்டு சபையும் போகவில்லை.

ஊர்த் தலைவரிடம் கேட்டு, நாங்கள் இருவர் மட்டும் மாதம் ஒரு முறை கர்ப்பிணிகளுக்குப் பிரஷர் பார்க்கப் போனோம். மைக் இல்லை, பிரசுரம் இல்லை. குழந்தை உட்காரப் பழகியிருந்த சமயம், ஒரு நாள் அந்தப் பெண்ணின் வீட்டில் இருந்தோம். வாசலில் அவள் புருஷன் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிப் படிக்கட்டுக்குப் பிறகு அவன் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கேட்டாள்.

“அன்னிக்கிப் படகுல யாரோ இன்னாவோ சொல்லிக்கினே இருந்தீங்க. எனக்குத் தூரத்துல கேட்டா மாதிரி இருந்துது. அது இன்னா?”

வாசலில் நண்டு பிரிக்கும் சத்தம் நின்றது.  பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார். அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி அது. ஆனாலும் அவர் பதில் சொல்லாமல் எனக்காகக் காத்திருந்தார்.

“நான்தாம்மா சொன்னேன்” என்றேன்.  “எனக்கு ரொம்பப் பயமா இருந்தது. உன் கூட இருக்கச் சொல்லி யேசுசாமிகிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

அவள் தலையாட்டினாள். “சரி” என்றாள். குழந்தையை இடுப்பு மாற்றிவிட்டு, இருமலுக்குக் கொடுத்த மருந்து எத்தனை சொட்டு என்று கேட்டாள். நான் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் மறுபடி நண்டு பிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் உள்ளே திரும்பிப் பார்க்காமல், “ஏரியில காத்து ஏறுது. கெளம்பறதுன்னா இப்பவே கெளம்பச் சொல்லு” என்று பெண்டாட்டியிடம் சொன்னான்.

நாங்கள் எழுந்தோம்.